வெள்ளை விளிம்பு கண்ட பாதிரியார்

தில்லியிலும் லக்னோவிலும் குடியேறி வாழும் நம்மவர், மாசி மாதத்துக் காலையில் உலாவச் செல்லுங்கால், பூங்காப் பாத்திகளில் பட்டுக் காகிதம் போன்ற இதழ்களை விரித்து நிற்கும் மலரொன்றைக் கண்டிருப்பர். அதுவே பாப்பி. நாம் குருமாவிலும் பாயசத்திலும் அரைத்துச் சேர்க்கும் கசகசா இதன் நெருங்கிய உறவினத்தின் விதையாகும். செம்மை, இளஞ்சிவப்பு, வெண்மை எனப் பல நிறங்களில் பொலியும் தோட்டப் பாப்பி வகையொன்றின் வரலாறு, ஒரு வீட்டுத் தோட்டத்தின் மூலையிலே தொடங்கியதென்பதை நம்மில் பலர் அறியோம்.

ஐரோப்பாவில் வயற்பாப்பி நெடுங்காலமாகக் கோதுமை வயலின் களையாகவே கருதப்பட்டது. செந்நிற இதழ்களும் அவற்றின் அடியில் கருமையும் அதன் இயல்பு. லண்டனுக்குத் தெற்கே குராய்டனை அடுத்த ஷெர்லி என்னும் ஊரில் வில்லியம் வில்க்ஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். அவருடைய தோட்டத்தில் வயலை ஒட்டிய மூலையொன்று திருத்தப்படாமல் கிடந்தது. அங்கே வயற்பாப்பிகள் தாமே முளைத்துப் பூத்திருந்தன. 1880-ஆம் ஆண்டில் அவற்றுள் ஒரே ஒரு பூவின் இதழோரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை விளிம்பு ஓடுவதை அவர் கண்டார். களையென்று பிடுங்கி எறிந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அவரோ அந்தப் பூவின் விதையைத் தனியே சேமித்து வைத்தார்.

மறு ஆண்டு முளைத்தவை ஏறத்தாழ 200 செடிகள். வெள்ளை விளிம்பு பெற்றவையோ நாலைந்தே! இதற்குக் காரணம் உண்டு. வயற்பாப்பி தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை; வண்டும் தேனீயும் பிற செடியிலிருந்து கொணரும் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும். சுற்றிலும் செம்பூக்களே நிறைந்திருக்க, பிள்ளைகளிற் பெரும்பாலானவை செம்மையாகப் பிறந்ததில் வியப்பில்லை. பரம்பரை இயல்பைப் பற்றிய மெண்டலின் ஆய்வு 1866-இல் அச்சேறியிருந்தும், 1900 வரை அறிஞர் கவனத்தைப் பெறவில்லை. எனவே பாதிரியாருக்குத் துணையாயிருந்தவை கண்ணும் பொறுமையுமே. ஆண்டுதோறும் சிறந்த பூக்களின் விதையையே தேர்ந்தார். வெண்மை சிறிது சிறிதாகப் பரவி, இளஞ்சிவப்பும் இறுதியில் தூய வெண்மையும் தோன்றின. பின்னர் இதழடியின் கருமையையும் நீக்கினார். அவ்வாறு உருவானதே ஷெர்லி பாப்பி. 1888 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராக விளங்கிய அவர், அவ்விதையைக் கேட்டவர்க்கெல்லாம் வழங்கினார். 1923-இல் அவர் மறைந்தார்.

இம்மலரின் மற்றொரு வரலாறு துயரமானது. மண்ணுள் புதைந்த பாப்பி விதை பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, மண் கிளறப்பட்டு ஒளி படும்போது விழித்து முளைக்கும். முதல் உலகப் போரில் குண்டுகள் பிளந்த பிளாண்டர்ஸ் நிலமெங்கும் அது செக்கச் செவேலெனப் பூத்தது. 1914 இறுதியில் நம் பாரத நாட்டுப் படைவீரரும் அம்மண்ணில் போரிட்டு மாண்டனர். 1921 முதல் பிரிட்டனில் இம்மலர் போர் நினைவுச் சின்னமாயிற்று.

வடநாட்டில் சிறு தோட்டமுடையோர் ஐப்பசி, கார்த்திகையில் இவ்விதையை மணலோடு கலந்து மண்மேல் தூவலாம். ஆழப் புதைத்தல் ஆகாது. நாற்றைப் பெயர்த்து நட்டால் வேர் பொறாது. ஆதலின் நெருங்கி முளைத்தவற்றைக் களைந்துவிடுதலே முறை. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அடுக்களைக் கசகசாவை விதைத்தல் கூடாது. அஃது அபினிச் செடியின் விதை. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றி அதனைப் பயிரிடுதல் குற்றமாகும். விதைக்கடையில் வயற்பாப்பி அல்லது ஷெர்லி பாப்பி என்று கேட்டு வாங்குக.

பங்குனி வெயிலில் காய்கள் உலரும்போது, நம் கண்ணுக்கு இனிதாய்த் தோன்றிய ஒரு பூவின் காயில் மட்டும் நூல் கட்டி, விதையைத் தனியே எடுத்து வைப்போம். மறு ஆண்டு நாலைந்து செடிகளே அதனை ஒத்துப் பூப்பினும் சோர்வடைய வேண்டியதில்லை. ஷெர்லிப் பாதிரியாருக்கும் முதலாண்டில் கிட்டியது அவ்வளவேயன்றோ!