முள் ஓடும், எண் ஓடாது

பழைய மோட்டார் வாகனங்களைப் பேணி வருவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. வேகத்தைக் காட்டும் முள் ஒழுங்காக ஏறி இறங்கும். அதன் கீழே சிறு சாளரத்தில் தெரியும் மைல்கணக்கோ ஒரே எண்ணில் உறைந்து நிற்கும். இரண்டையும் இயக்குவது கியர்பெட்டியிலிருந்து வரும் ஒரே கம்பிதான். அப்படியிருந்தும் ஒன்று ஓட மற்றது நிற்பதேன்? இரண்டும் ஒரே பெட்டிக்குள் வாழ்ந்தாலும் வெவ்வேறு காலத்துப் பிறவிகள் என்பதே இதற்கான விடையாகும்.

தூரத்தை எண்ணும் கருவி மிகத் தொன்மையானது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தமது நூலின் பத்தாம் பாகத்தில் இத்தகைய வண்டியொன்றை விவரிக்கின்றார். வண்டிச் சில்லு ஒருமுறை சுழன்றால் பன்னிரண்டரை அடி கடக்கும். 400 பற்கள் கொண்ட பற்சில்லு ஒரு பல் நகரும். 400 சுற்றில் 5000 அடி, அதாவது ஓர் உரோமானிய மைல் நிறைவுறும். அப்போது கூழாங்கல் ஒன்று வெண்கலப் பாத்திரத்தில் ஓசையுடன் விழும். மாலையில் கற்களை எண்ணினால் அன்றைய பயணத் தூரம் தெரிந்துவிடும்.

1847 இல் அமெரிக்காவின் மேற்கு நோக்கிச் சென்ற மோர்மன் குடியேறிகளுள் ஒருவரான வில்லியம் கிளேட்டன், வண்டிச் சில்லில் சிவப்புத் துணியொன்றைக் கட்டி அதன் சுற்றுகளை எண்ணினார். 360 சுற்றுகள் ஒரு மைல். நாள் முழுவதும் எண்ணிச் சலித்த பின்னரே, அந்தப் பயணத்தின்போதே மரப் பற்சில்லுகளால் ஆன கருவியொன்று செய்து பூட்டப்பட்டது.

வேகமானியோ இருபதாம் நூற்றாண்டின் குழந்தை. ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ஸ் 1902 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பியுடன் சுழலும் காந்தம், தன்னைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழிப்பு மின்னோட்டத்தை உண்டாக்கி அதனை இழுக்கும். மெல்லிய சுருள்வில் அக்கிண்ணத்தைத் தடுத்து நிறுத்தும். கிண்ணத்துடன் பிணைந்ததே முள். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. ஆதலால் அங்கே தேய்மானம் குறைவு. மைல்கணக்கு அவ்வாறன்று. பல்லோடு பல் உரசியே அது எண்ணியாக வேண்டும். விட்ருவியஸ் காலத்து முறைதான் அங்கே இன்னமும் உழைக்கின்றது. உழைப்பதே முதலில் தேய்கின்றது.

மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்களில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மானிகள் பூட்டப்பட்டிருந்தன. வொல்வோ 240 போன்ற பிற்கால வாகனங்களில் நைலோன் பற்சில்லுகள் வந்தன. ஆண்டுகள் செல்ல அவை நொறுங்கிப் பற்களை இழந்தன. வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயணக் கணக்கைப் பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்துவதாலும் பல் உடைவதுண்டு.

திருத்துவதற்குப் பொறுமையே முதல் ஆயுதம். முள்ளைக் கழற்றுமுன் அது நிற்கும் இடத்தை அடையாளமிட வேண்டும். சுருள்வில்லில் விரல் படலாகாது. உடைந்த சில்லின் பற்களை எண்ணி, அதே எண்ணிக்கையுள்ள சில்லையே பொருத்த வேண்டும். பழைய ஸ்மித்ஸ் மானிகளின் முகத்தில் 1280 என்பது போன்ற எண்ணொன்று காணப்படும். ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை முறை சுழல வேண்டும் என்பதையே அது குறிக்கின்றது. ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் கணக்குப் பொய்த்துவிடும்.

திருத்தி முடித்ததும் ஒரு வினா எழும். எண்சில்லுகள் கையில் இருக்கின்றன. எந்த எண்ணை வைப்பது?

எமது மண்ணில் இவ்வினாவுக்குத் தனிக் கனம் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதை அடுத்து, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை உயிர்ப்பிக்க மட்டும் சிறு போத்தலில் பெற்றோல் காத்துவைக்கப்பட்டது. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அவை சுமந்தன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது அந்தச் சனத்திரளுக்குள் அவையும் ஊர்ந்தன. அக்காலத்தில் நான் ஏறிய கார்கள் பலவற்றில் மைல்கணக்கு நின்றுபோயிருந்தது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கார் ஓடினால் போதும் என்றிருந்தது. அவை ஓடிய கட்டைகள் எந்தச் சாளரத்திலும் பதிவாகவில்லை.

இன்று அவற்றைப் புதுப்பிப்போர் சிலர் அழகுக்காகக் குறைந்த எண்ணை வைக்கின்றனர். சிலர் ஊகித்துக் கூட்டுகின்றனர். இரண்டும் முறையன்று என்பதே எனது கருத்து. அமெரிக்காவில் 1972 இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்விடயத்தில் தெளிவானது. கணக்கைப் பின்னோக்கித் திருப்புவது குற்றம். திருத்தும்போது பழைய எண்ணைக் காக்க இயலாவிடின் பூச்சியத்தில் வைத்து, முன்பிருந்த எண்ணையும் திருத்திய திகதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும்.

நின்ற எண்ணிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். திருத்திய திகதியை ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். எண்ணப்படாத மைல்களை எவராலும் மீட்க முடியாது. ஆனால் அவை எண்ணப்படவில்லை என்ற உண்மையையாவது அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லலாம்.