சித்தப்பாவின் ஒன் டன்

போன வாரம் குடியாத்தம் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவுல சித்திதான் தூது. "சாப்பிட வரச் சொல்லு", "பசிக்கலயாம்" ரேஞ்சுக்குப் போய்க்கிட்டிருக்கு. சொத்துத் தகராறா, பொண்ணு விஷயமான்னு கேட்டேன். ரெண்டும் இல்லை. ஒரு பழைய மிலிட்டரி லாரி.

இதை எழுதணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்குங்க மக்களே.

வண்டி நிஸ்ஸான். பட்டாளத்துக்காரங்க எல்லாரும் 'ஒன் டன்'னு கூப்பிடுற ரகம். ஜீப்பை விடப் பெருசு, லாரியை விடச் சின்னது. நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. பின்னால ரெண்டு பக்கமும் மடக்குற பலகை, மேலே வளைவுக் கம்பி, தார்ப்பாய். பிறந்த வருஷம் 1978. ராணுவ வண்டிகளோட வயசைக் கண்டுபிடிக்க ஆர்.சி. புத்தகம் வேணாம். நம்பர் பிளேட்டுல மேல பார்த்த அம்புக்குறி ஒண்ணு இருக்கும், அதை ஒட்டி வர்ற ரெண்டு இலக்கம்தான் வருஷம். (இதை எனக்குச் சொல்லித்தந்தப்போ நான் ஆறாவது. கான்வாய் போறப்ப எல்லாம் ரோட்டுல நின்னு வயசு சொல்லிக்கிட்டிருப்பேன்.)

பேர் ஜப்பான், ஊர் ஜபல்பூர், முகஜாடை அமெரிக்கா. அது எப்படி ஆச்சுங்கறது ஒரு சுவாரசியமான கதை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்கு டாட்ஜ் கம்பெனி முக்கால் டன் ட்ரக்குகளைச் செய்து கொடுத்தது. போர் முடிந்தபின் அதையே திருத்தி எம்37 என்று 1951 முதல் தயாரித்தார்கள். இதற்கிடையில் 1950 ஜூனில் கொரியப் போர். அமெரிக்காவில் இருந்து வண்டி கப்பலேறி வருவதற்குள் போரே முடிந்துவிடும் என்று, பக்கத்தில் இருந்த ஜப்பானிலேயே ஆர்டர் கொடுத்தார்கள். டொயோட்டா, நிஸ்ஸான், இசுசு எல்லாம் அன்றைக்கு நொடிந்து கிடந்த கம்பெனிகள். டொயோட்டா அந்த ஆர்டரால்தான் பிழைத்தது. ஐந்து வருஷம் முன்னால் எந்த ராணுவத்திடம் தோற்றார்களோ அதே ராணுவத்துக்கு லாரி செய்து கொடுத்து எழுந்து நின்றார்கள். ஜீப் மாதிரி, டாட்ஜ் மாதிரி நாலு சக்கர இழுவை வண்டிகளைச் செய்யும் பழக்கம் ஜப்பான்காரர்களுக்கு அந்தக் காலத்தில் வந்ததுதான். நிஸ்ஸான் செய்த ஜீப் ரகம் பின்னாளில் 'பேட்ரோல்' ஆனது. டாட்ஜ் ரகம் 'கேரியர்'. எம்37-ஐயும் நிஸ்ஸான் கேரியரையும் பக்கத்துல நிறுத்தினா அண்ணன் தம்பின்னு சத்தியம் பண்ணுவீங்க.

இங்கே, ஜபல்பூரில் 1904-லேயே பீரங்கி வண்டித் தொழிற்சாலை தொடங்கியாகிவிட்டது. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில் (1957-62) ஜெர்மனியின் மான் கம்பெனி லைசென்ஸில் 'சக்திமான்' லாரி அங்கே உருவாக ஆரம்பித்தது. ராணுவத் தொழிற்சாலையில் காபி பர்கோலேட்டர் செய்கிறார் மேனன் என்று அப்போது கிண்டலடித்தவர்கள் லாரியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. 1960களில் நிஸ்ஸானின் ரெண்டு ரகங்களுக்கும் லைசென்ஸ் வாங்கினார்கள். 1969-இல் ஜபல்பூரிலேயே வண்டிக்கென்று தனித் தொழிற்சாலை வந்தது. பேட்ரோலுக்கு 'ஜோங்கா' என்று பேர் வைத்தார்கள். ஏதோ காட்டு மிருகத்தின் பேர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், ஜபல்பூர் தொழிற்சாலையின் ஆங்கிலப் பேரில் இருந்து எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்ததாம் :) கேரியர் இங்கே ஒன் டன் ஆகிவிட்டது. வண்டி அதேதான், முக்கால் டன் மட்டும் இங்க வந்ததும் ஒரு டன் ஆயிடுச்சு. நம்ம ஊரு வழக்கம் தெரியாதா?

ரெண்டுக்கும் எஞ்சின் ஒண்ணுதான். ஆறு சிலிண்டர், நாலு லிட்டர் பெட்ரோல். சித்தப்பா அதைப் பத்திப் பேசினா சின்ன வயசுக் காதலியைப் பத்திப் பேசுற மாதிரி இருக்கும். இ.எம்.இ.யில் வண்டி மெக்கானிக். "மைனஸ்ல கூட ஒரே செல்ஃப்டா. டீசல்காரனுங்க அடியில நெருப்பு மூட்டிக்கிட்டு நிப்பானுங்க"ம்பார்.

1990-இல் ரிடையர். 1996-இல் டிஸ்போசல் ஏலத்தில் இந்த ஒன் டன்னை எடுத்தார். இதே வண்டியை அவர் எங்கேயோ ஓட்டியிருப்பார்னு சினிமா மாதிரி கற்பனை பண்ணாதீங்க. லாட்டில் வந்ததில் சேஸிஸ் துருப்பிடிக்காததா பார்த்து எடுத்தார், அவ்வளவுதான். பட்டாளத்துல இருந்து வர்ற மத்த வண்டிகள் எல்லாம் என்ன ஆகும்னு கேட்டேன். "பாதி இரும்புக் கடைக்கு. மீதி பஞ்சாப் பக்கம்." பஞ்சாப் எல்லையில ஹரியானாவைச் சேர்ந்த மண்டி டப்வாலின்னு ஒரு ஊர். பழைய ஜீப்பை எல்லாம் வாங்கி மாத்திக் கட்டுறதுக்குப் பேர்போன இடம். மாத்திக் கட்டுறவன் எடுக்காத வண்டியை எடைக்குப் போடுறவன் எடுப்பான். மூணாவது வழி கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பெயின்ட். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ராணுவ வண்டி தவிர வேறெதுவும் ஆலிவ் பச்சையில் இருக்கக் கூடாது. சித்தப்பா காப்பிக்கொட்டை கலர் அடித்தார். சித்தி அன்னிக்குத்தான் முதல் தடவையா ஏறினாங்க.

ரெண்டு வருஷம் பெட்ரோலில் ஓட்டினார். லிட்டருக்கு மூணு கிலோமீட்டர், இறக்கத்தில் நாலு. தக்காளியை மண்டிக்குக் கொண்டுபோனா தக்காளி காசு பெட்ரோலுக்கே பத்தாது. டீசல் விலை அப்போ பெட்ரோலில் கிட்டத்தட்ட பாதிதான். 1999-இல் மனசைக் கல்லாக்கிக்கிட்டு டாட்டா 407 எஞ்சின் ஒண்ணைப் புதுப்பேட்டையில் பிடித்தார்.

எஞ்சின் மாத்துறது சட்டை மாத்துற மாதிரி இல்லைங்க. டாட்டா எஞ்சினுக்கும் நிஸ்ஸான் கியர்பாக்ஸுக்கும் போல்ட் துளை ஒத்துப்போகாது. நடுவுல வைக்க ஒரு தட்டை லேத் பட்டறையில் கடைந்தார்கள். அது நூலளவு மையம் தப்பினா கிளட்ச் அதிரும். மூணு தடவை கடைந்தார்கள். எஞ்சின் உட்காருற பிராக்கெட்டை வெட்டி ஒட்டி, சைலன்சர் பைப்பை வளைத்து, ரேடியேட்டரை முன்னால தள்ளி... இவ்வளவுக்கும் அப்புறம் இன்னொரு கஷ்டம். டீசல் எஞ்சின் பெட்ரோல் அளவுக்குச் சுத்தாது. பின்னால் இருக்கற பல்சக்கரம் அதே பழசு. அதனால அம்பது, அம்பத்தஞ்சுக்கு மேல வண்டி கத்தும், ஆனா ஓடாது. ஆனால் லிட்டருக்கு ஒன்பது கொடுத்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி எஞ்சின் நம்பரையும் எரிபொருளையும் புத்தகத்தில் மாத்தி எழுதி வாங்கினார். நாலு நடை.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல அந்த வண்டி பண்ணாத வேலை இல்லை. தக்காளி, மாங்காய், கல்யாண பாத்திரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுராத்திரி பிரசவம். 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தப்போ கரையோரத்து ஜனங்களை மூணு நடை ஏத்திக்கிட்டு வந்தது. தண்ணி பம்பர் வரைக்கும். டீசலா இருந்ததால நனைஞ்சு நிக்கறதுக்கு பிளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை.

இப்போ சண்டைக்கு வருவோம். அதே 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. அம்பது வயசு ஆகியிருக்கணும், சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிசா மாத்தாம அசலா இருக்கணும். இருபதாயிரம் கட்டினா 'வி.ஏ.'ன்னு தனி நம்பர், பத்து வருஷத்துக்கு. ஆனா தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிவிட்டது. சித்தப்பா அன்னிக்குச் செஞ்சதை இன்னிக்கு யாரும் செய்ய முடியாது. ஆக, அசலா வச்சிருந்தா ஓட்ட முடியாது. ஓட்டுறதுக்காக மாத்தினா அசல் இல்லை.

தம்பி 2028-க்காகக் காத்திருக்கான். அன்னிக்கு வண்டிக்கு அம்பது. பழைய பெட்ரோல் எஞ்சினைத் திரும்ப வச்சு, காப்பிக்கொட்டையைச் சுரண்டி, ஒவ்வொரு போல்ட்டும் ஜபல்பூர்ல இருந்த மாதிரி கொண்டுவரணும்கறான். தோனி 2019-இல் ராஞ்சிக்கு ஒரு பழைய நிஸ்ஸானைக் கொண்டுவந்ததில் இருந்தே இந்தக் கிறுக்கு. "இன்னும் பத்து வருஷத்துல ஒண்ணுகூட இருக்காதுண்ணா. அப்பாவோட சரித்திரம்ணா அது"ன்னான். அவன் சொல்றதும் தப்பில்லை.

சித்தப்பாகிட்ட கேட்டேன். "மண்டிக்குப் போகக்கூடாத வண்டி எதுக்குடா? படம் எடுத்து மாட்டிக்கச் சொல்லு. அசலா இருந்ததெல்லாம் எடைக்குப் போயிடுச்சு, இது மாத்தினதாலதான் இருக்கு." நான் சித்தப்பா கட்சி. தம்பிகிட்ட சொல்லலை.

கிளம்புறதுக்கு முன்னால தம்பி என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். மூலையில் கட்டை மேல, தார்ப்பாய் போர்த்தி, அந்தப் பழைய எஞ்சின். 1999-ல இருந்து அங்கதான் இருக்கு. இவ்வளவு வருஷத்துல பிஸ்டன் இறுகிப் போயிருக்கும்னு நான் சொன்னேன். அவன் சிரிச்சிட்டு ஸ்பேனரை மாட்டித் திருப்பினான். வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. ஒரு பிளக்கைக் கழட்டிக் காட்டினான். உள்ளே புது எண்ணெய்.

"நான் ஊத்தலண்ணா"ன்னான்.

டிஸ்கி: சித்தப்பா இதெல்லாம் படிக்க மாட்டார். சித்தி படிப்பாங்க. சித்தி, சொல்லிடாதீங்க.