வளரியும் துருவும்: புதுக்கோட்டைச் சீமையின் ஆயுதப் பராமரிப்பு

இரும்பு ஆயுதத்தைத் தேய்த்து எண்ணெய் பூசி வைப்பதும், எண்ணெயையோ வேறு பூச்சையோ சூட்டால் அதன்மேல் இறுகச் செய்து நிலையான படலமாக்குவதும் துருவைத் தடுக்க மனிதர் கண்ட பழைய வழிகள். இவற்றுள் முதல் வழியைச் சார்ந்த ஒரு வழக்கம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வீடுகளில் நிலவியதற்கு எழுத்துச் சான்று உள்ளது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதி நூலில், வளரி குறித்துப் புதுக்கோட்டைத் திவான் எழுதியனுப்பிய குறிப்பு இடம்பெற்றுள்ளது. வளரி என்பது பிறைவடிவில், ஒரு முனை கனத்து, வெளிவிளிம்பு கூராக்கப்பட்ட எறிபடை. பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்திலும், சில வேளை இரும்பிலும் செய்யப்பட்டது. பாளையக்காரர் போர்களில் பெரும்பங்கு வகித்ததாகச் சொல்லப்படும் இக்கருவி, தாம் எழுதிய காலத்தில் கள்ளர், மறவர் குடும்பங்களின் பூசையறையில் ஏனைய பழைய ஆயுதங்களோடு வைக்கப்பட்டிருந்தது என்றும், ஆயுத பூசை போன்ற நாள்களில் வெளியே எடுக்கப்பட்டு, சுரண்டித் துப்புரவு செய்யப்பட்டு, மீண்டும் தன் இடத்துக்குத் திரும்பியது என்றும் திவான் பதிவுசெய்கிறார்.

பக்தியின் செயலாகவே அதைச் செய்தவர்களுக்கு அது தோன்றியிருக்கும். ஆனால் அந்த நாள் பராமரிப்புக்கும் மிகப் பொருத்தமானது. ஆயுத பூசை நாளான நவராத்திரியின் ஒன்பதாம் நாளுக்குப் பின் சில வாரங்களிலேயே வடகிழக்குப் பருவமழை இப்பகுதியை நனைக்கத் தொடங்குவதால், ஈரக்காற்று வருமுன் இரும்பைப் பார்த்துவிடும் வாய்ப்பை அது ஆண்டுதோறும் தந்தது. எனினும் சுரண்டுதலில் ஓர் இழப்பு உண்டு. செந்துரு நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தைத் தடுக்காது. அதைச் சுரண்டும்போது அடியிலுள்ள நல்ல இரும்பிலும் சிறிது போய்விடும். பிரித்தானியப் படைவீரர்கள் துப்பாக்கிக் குழலைப் பளபளக்கத் தேய்த்துத் தேய்த்தே மெலிவித்த காலமும் இருந்தது; 19-ஆம் நூற்றாண்டில்தான் குழலைக் கட்டுப்பாட்டோடு துருவேற்றிப் பழுப்பு நிறமாக்கும் முறை அங்கே நிலைபெற்றது.

சூட்டில் இறுக்கும் முறையின் அடிப்படை தமிழ்ச் சமையலறைக்குப் புதிதன்று. புதிய இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும்போது சூடேறிய எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான கரும்படலமாகின்றன. 18-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டின் பாண்டிபூல் நகரத் தொழிலாளர்கள் தகரத் தட்டுகளில் வார்னிஷ் பூசி அடுப்பில் சுட்டதும், இன்று துப்பாக்கி உரிமையாளர் சிலர் பீங்கான் துகள் கலந்த பூச்சை வீட்டிலேயே சூடேற்றி இறுகச் செய்வதும் இதற்கு நெருங்கிய செயல்களே.

ஆனால் பழைய ஆயுதங்களுக்கு இந்தப் புதுப் பூச்சு உகந்ததன்று. அது பற்றிக்கொள்ள, உலோகத்தின் மேற்பரப்பு முழுவதையும் மணல்போன்ற துகள்களை வீசிச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்போது கொல்லரின் சுத்தியல் தடமும், நூற்றாண்டுகளாகக் கைபட்ட மெருகும் அழிந்துவிடும். எனவேதான் அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர்கள், தேவைப்படும்போது அகற்றிவிடத்தக்க மெழுகுப் பூச்சையே இத்தகைய இரும்புக்குப் பெரிதும் விரும்புகின்றனர்.