வண்டியில் ஓடிய ஒரு கேசட்

ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்யும் இசைக்கலைஞர்கள், போகும் வழியில் என்ன பாட்டுக் கேட்பார்கள்? ரசிகர்களுக்கு எப்போதும் இருக்கும் ஆசைக் கேள்வி இது. பேட்டிகளில் கேட்டால் நாலைந்து பெயர்களைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆனால் சில சமயம் வழியில் கேட்ட பாட்டு, கேட்டவரின் இசையையே புரட்டிப் போட்டுவிடும். 1965 நவம்பரில் அமெரிக்கச் சாலைகளில் அப்படித்தான் நடந்தது. அதற்குக் காரணம் ஒரே ஒரு கேசட். அதன் ஒரு பக்கத்தில் இருந்தது இந்தியாவின் சிதார்!

கேசட்டுக்கு முன்னால்

இன்று ஆயிரக்கணக்கான பாடல்கள் சட்டைப்பையில் அடங்கிவிடுகின்றன. 1960-களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. வண்டியில் இருந்தது ரேடியோ மட்டும்தான். நிலையத்தார் எதைப் போடுகிறார்களோ அதைத்தான் கேட்க முடியும். கிரைஸ்லர் நிறுவனம் 1956-இல் காருக்குள்ளேயே இசைத்தட்டு சுழலும் கருவியைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கென்று தனியாகச் செய்த தட்டுகள்தான் அதில் ஓடும். அதனால் அது நிலைக்கவில்லை.

ஆகவே பயணத்தில் இருக்கும் கலைஞர்கள் விரும்பிய பாட்டைக் கேட்க வேண்டுமென்றால், விடுதி அறைக்குப் போய் இசைத்தட்டைச் சுழலவிட வேண்டும். 1964 ஜனவரியில் பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்கில் சுமார் மூன்று வாரம் கச்சேரி செய்த பீட்டில்ஸ் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். பாப் டிலனின் இரண்டாவது இசைத்தட்டு அவர்கள் கைக்குக் கிடைத்தது. விடுதியில் இருந்த நாளெல்லாம் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டார்கள். அதன் பிறகு ஜான் லெனன் எழுதிய பாடல்களில் டிலனின் சாயல் விழுந்ததை லெனனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதே ஆண்டு, பீட்டில்ஸ் நடித்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தைப் பார்த்தார் ஜிம் மெக்வின் என்ற அமெரிக்க இளைஞர் (1967-இல் இவர் தன் பெயரை ரோஜர் என்று மாற்றிக்கொண்டார்). அதில் ஜார்ஜ் ஹாரிசன் வைத்திருந்த பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிதாரைப் பார்த்துவிட்டு, தானும் அதே வகைக் கிதார் ஒன்றை வாங்கினார். டேவிட் கிராஸ்பி, ஜீன் கிளார்க், கிறிஸ் ஹில்மன், மைக்கேல் கிளார்க் ஆகியோருடன் அவர் சேர்ந்திருந்த குழுதான் 'தி பேர்ட்ஸ்'. டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலை அந்தக் கிதாரோடு சேர்த்துப் பாடி 1965 ஜூனில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார்கள். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குப் போய், அங்கிருந்து மூன்றாமவருக்குப் போய்ச் சேர்ந்த கதை இது. இதோடு நிற்கவில்லை.

ஒரு பக்கம் சிதார், மறுபக்கம் சாக்ஸபோன்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் சின்ன கேசட்டை அறிமுகம் செய்தது. பாட்டுப் பதிந்த கேசட்டுகள் அமெரிக்கக் கடைகளுக்கு 1966-இல்தான் வந்தன. அதற்கு முன் கேசட்டில் பாட்டு வேண்டுமென்றால், வெற்று நாடா வாங்கி, இசைத்தட்டிலிருந்து தாமே பதிந்துகொள்ள வேண்டியதுதான்.

1965 நவம்பர் சுற்றுப்பயணத்தில் பேர்ட்ஸ் குழுவினரின் வண்டியில் இருந்ததும் அப்படிப் பதிந்த கேசட்தான். ஒரு பக்கம் ரவிசங்கரின் சிதார். மறுபக்கம் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'இம்ப்ரெஷன்ஸ்', 'ஆஃப்ரிக்கா/பிராஸ்' ஆகிய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்தவை. ஊருக்கு ஊர் போகும் நீண்ட சாலைகளில் இந்த ஒரே கேசட் புரண்டு புரண்டு ஓடியது.

ரவிசங்கர் இவர்களுக்குப் புதியவர் அல்ல. 1964-இல் பெயர் தெரியாத குழுவாக இவர்கள் ஒத்திகை பார்த்தது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வேர்ல்ட் பசிபிக் ஒலிப்பதிவுக் கூடத்தில். ரவிசங்கரின் இசைத்தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்டுக்கொண்டிருந்ததும் அதே நிறுவனம்தான். 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் வந்தபோது, மெக்வினும் கிராஸ்பியும்தான் ரவிசங்கரைப் பற்றி ஹாரிசனிடம் ஆர்வத்தோடு பேசினார்கள். அதற்கு முன்பே ஒரு படப்பிடிப்பில் சிதாரைப் பார்த்து ஹாரிசன் மயங்கியிருந்தார். அக்டோபரில் 'நார்வீஜியன் வுட்' பாடலில் அவரே சிதார் வாசித்தார்.

கோல்ட்ரேன் கேட்டது

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேசட்டின் மறுபக்கத்திலும் இந்தியா இருந்தது. கோல்ட்ரேன் 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் அரங்கில் வாசித்துப் பதிந்த ஒரு படைப்பின் பெயரே 'இந்தியா'தான். ரவிசங்கரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு உருவான ஆர்வம் அது.

வழக்கமான ஜாஸில் பின்னணிச் சுரக்கூட்டு சில நொடிகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அதன் பின்னால் ஓட வேண்டும். 'இந்தியா'வில் அந்த ஓட்டம் இல்லை. இரண்டு பாஸ் வாத்தியங்கள் அடித்தளத்தில் தம்புராவைப் போல ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் சின்னச் சின்னச் சொற்றொடர்களை எடுத்து விரித்துக்கொண்டே போகிறார். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த முறை சட்டென்று பிடிபடும். 1965-இல் பிறந்த தன் மகனுக்கு அவர் வைத்த பெயர் ரவி!

ஆக, சாக்ஸபோன் கேட்பதாக நினைத்துக்கொண்டு அந்த இளைஞர்கள் கேசட்டின் இரண்டு பக்கமும் ஒரே ஊற்றின் இசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிதார் இல்லாத 'ராகா ராக்'

அந்தச் சுற்றுப்பயணத்தின்போது ஜீன் கிளார்க் ஒரு பாடலின் வரிகளை எழுதத் தொடங்கினார். 1965 ஆகஸ்டில் குழு லண்டனுக்குப் பறந்து போனதும், அங்கே அவர்களுக்குக் கிடைத்த அரைகுறை வரவேற்பும்தான் கரு. மெக்வினும் கிராஸ்பியும் அதில் கை வைத்தார்கள். அதுதான் 'எய்ட் மைல்ஸ் ஹை'. பயணிகள் விமானம் உண்மையில் எட்டு மைல் உயரத்தில் பறப்பதில்லை. ஆறு, ஏழு மைல்தான். பாட்டுக்கு எட்டு என்பது நன்றாக ஒலித்தது, அவ்வளவே.

டிசம்பரில் இப்பாடலை ஆர்.சி.ஏ. கூடத்தில் பதிந்தார்கள். தங்களுடைய கூடத்தில் பதியவில்லை என்று கொலம்பியா நிறுவனம் அதை வெளியிட மறுத்தது. 1966 ஜனவரியில் மறுபடியும் பதிந்து, மார்ச்சில் வெளியிட்டார்கள். மொத்தம் மூன்றரை நிமிடம். அதன் தொடக்கத்திலும் நடுவிலும் மெக்வின் பன்னிரண்டு தந்திக் கிதாரில் வாசிப்பது, கோல்ட்ரேனின் 'இந்தியா'வில் வரும் நான்கு சுரச் சொற்றொடரிலிருந்து பிறந்தது. கிதாரின் தந்தியை மீட்டினால் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். சாக்ஸபோனில் மூச்சு உள்ளவரை ஒலி நிற்கும். அந்த வித்தியாசத்தைக் குறைப்பதற்காக, ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமன் செய்யும் கருவி வழியாகத் தன் கிதாரைச் செலுத்தி வாசித்தார் மெக்வின்.

இசைத்தட்டு நிறுவனம் இதற்கு 'ராகா ராக்' என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. நியூயார்க்கில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்புக்குச் சிதார் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் பாட்டில் சிதார் கிடையவே கிடையாது! விளம்பரக்காரர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வாத்தியம். அந்த இளைஞர்கள் கேசட்டிலிருந்து எடுத்துக்கொண்டதோ வாத்தியத்தை அல்ல, ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு அதை விரிக்கும் வழியை.

1966 ஏப்ரலில், இது போதைப் பழக்கத்தைப் பற்றிய பாடல் என்று வானொலி நிலையங்களுக்கான ஒரு செய்தி மடல் எச்சரித்தது. பல நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்தின. விமானப் பயணத்தைப் பற்றியதுதான் என்று குழுவினர் அப்போது மறுத்தார்கள். போதையும் அதற்குள் இருந்தது என்று கிளார்க்கும் கிராஸ்பியும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்கள். பாடல் 14-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. கிளார்க்கோ அதற்கு முன்பே குழுவை விட்டு விலகிவிட்டார். அதற்கு ஒரு காரணம், அவருக்கு விமானத்தில் ஏறப் பயம்!

கேசட் சொல்லித்தராதது

ரவிசங்கருக்கு இந்தப் புகழ் முழு மகிழ்ச்சியைத் தரவில்லை. 1967 ஜூனில் மான்டரே இசைவிழாவில் அவர் வாசித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் அதே விழாவில் கிதாரை உடைப்பதையும் எரிப்பதையும் கண்டு அவர் மனம் வெறுத்துப்போனார். இந்திய இசையையும் போதைப் பழக்கத்தையும் முடிச்சுப் போடாதீர்கள் என்று பல காலம் சொல்லிக்கொண்டே இருந்தார். கோல்ட்ரேனின் இசையில் கேட்ட கொந்தளிப்பு தன்னைக் கலங்கவைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். கோல்ட்ரேன் அவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பினார். அது முழுமையாக நடப்பதற்குள், 1967 ஜூலையில் காலமாகிவிட்டார்.

ரவிசங்கரின் இந்த மனவருத்தத்தைப் புரிந்துகொள்ள அவருடைய சிறுவயதைப் பார்க்க வேண்டும். அவரும் ஊர் ஊராகப் பயணம் செய்து வளர்ந்தவர்தான். 1930-இல் பத்து வயதில் அண்ணன் உதயசங்கரின் நடனக்குழுவோடு பாரிஸ் போனார். ஆடினார், கிடைத்த வாத்தியத்தையெல்லாம் வாசித்தார், ஐரோப்பாவின் பெரிய கலைஞர்களையெல்லாம் கேட்டார். 1935-இல் குழுவோடு சேர்ந்து பயணம் செய்த அலாவுதீன் கான், பையனின் திறமையைப் பார்த்தார். அது பல திசைகளில் சிதறுவதையும் பார்த்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தால்தான் சொல்லித்தருவேன் என்றார். 1938-இல் ரவிசங்கர் மேடை வெளிச்சத்தையும் நல்ல உடைகளையும் விட்டுவிட்டு மைஹர் என்ற சிற்றூருக்குப் போனார். சுமார் ஏழு ஆண்டுகள் குருவின் அருகிலேயே இருந்து சாதகம் செய்தார்.

வழியில் கேட்டது அவருக்கு ஆசையைத் தந்தது. வித்தையைத் தந்தது மைஹர். ஆகவே ஒரு கேசட்டைக் கேட்டுவிட்டு 'ராகா' என்று பெயர் வைப்பதை அவரால் எப்படி எளிதாக எடுத்துக்கொள்ள முடியும்?

அப்படியானால் பேர்ட்ஸ் செய்தது தவறா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அவர்கள் சிதார் வித்வான்களாக வேடம் போடவில்லை. தங்களுக்குத் தெரிந்த கிதாரில், தங்களுக்குத் தெரிந்த பாட்டில், காதில் தங்கிப்போன ஒன்றை வாசித்தார்கள். யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. கோல்ட்ரேனின் பெயரையும் ரவிசங்கரின் பெயரையும் பேட்டிதோறும் சொன்னார்கள். அதைக் கேட்டு அந்த இசைத்தட்டுகளைத் தேடிப்போன இளைஞர்கள் ஏராளம். ஹாரிசனும் 1966-இல் ரவிசங்கரைச் சந்தித்து, பம்பாய்க்கு வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடம் கேட்டார்.

வழியில் கேட்கும் பாட்டு ஒரு கதவு மாதிரி. அது திறந்துவிடும், உள்ளே நடக்க வேண்டியது நம் கால்கள்தான். கோல்ட்ரேன் நடக்க ஆசைப்பட்டார், காலம் விடவில்லை. ஹாரிசன் கொஞ்ச தூரம் நடந்தார். பேர்ட்ஸ் வாசலில் நின்று, உள்ளே கண்டதை ஊருக்குச் சொன்னார்கள். அதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது அல்லவா?