சாவா மூவாப் பேராடும் என் பரீட்சைக் கட்டணமும்



"கல்லூரிக்கு நன்கொடை தரும் வழிகள் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வழிகளை மட்டும் எழுதினால் பேங்க் விண்ணப்பம் மாதிரி ஆகிவிடும் என்று கொஞ்சம் வரலாற்றையும் சேர்த்துக்கொண்டேன். பக்கம் கூடிப்போச்சு. குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

2007ஆம் வருஷம் எனக்கு நான்காவது செமஸ்டர். அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அந்த வருஷம் பட்டறையில் வேலை குறைச்சல். பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாளன்று, தவணை கேட்கலாம் என்று ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றேன். கிளார்க் ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு, "உன் பேரு அறக்கட்டளை லிஸ்ட்ல இருக்கு. கட்டியாச்சு, போப்பா" என்றார்.

"யாருங்க சார் கட்டுனது?"

"அவரு செத்து ரொம்ப நாளாச்சு. வட்டியில வருது."

செத்துப்போன மனுஷன் எனக்கு எப்படிப் பீஸ் கட்டினார் என்று அன்றைக்குப் புரியவில்லை. புரிய ஆரம்பித்தது பல வருஷம் கழித்து, சோழர் கல்வெட்டுகள் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்தபோதுதான்.

கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய அந்தக் காலத்தில் 96 ஆடுகள் கொடுப்பார்களாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆடுகள் இடையர் பொறுப்பில் விடப்படும். அவர் நாளொன்றுக்கு ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், மந்தைக் கணக்கு மட்டும் 96க்குக் குறையக் கூடாது. அதனால் அவற்றுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு! இன்று ஆடிட்டர்கள் "கார்பஸ் ஃபண்ட்" என்று சொல்வதை நம் ஆட்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஆட்டுக்கணக்கில் சொல்லிவிட்டார்கள்.

படிப்புக்கும் அப்படித்தான். விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் 45 வேலி நிலம் விட்டிருந்தார்கள். யாருக்கு எத்தனை நாழி நெல் என்பது வரை கல்வெட்டில் இருக்கிறது. அங்கே படித்தது வேதமும் இலக்கணமும். படித்தவர்களும் ஊரில் எல்லோரும் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கணக்கு எழுதின முறையில் குறை சொல்ல முடியாது.

கணக்கு சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பச்சையப்ப முதலியார் கதை இருக்கிறது. 1794இல் தம் நாற்பதாவது வயதில் காலமாகும்போது பெரிய சொத்தைத் தர்மத்துக்கு என்று உயில் எழுதி வைத்தார். அவர் மனதில் இருந்தது கோயில் கைங்கரியங்கள். காரியம் நடக்கவில்லை. சொத்து வழக்கில் மாட்டிப் பல பத்தாண்டுகள் ஓடின. சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் முயன்று, கோயில் தர்மங்கள் போக மிஞ்சிய பணத்தில் 1842இல் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1889இல் அது கல்லூரி ஆனது. எழுதினவர் நினைத்தே பார்க்காத கல்லூரி அது. நல்ல முடிவுதான், ஆனால் பள்ளிக்கூடம் திறக்கவே 48 வருஷம்!

நம்ம கொங்கு நாட்டுக் கதை இதற்கு நேர் எதிர். பீளமேடு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு பிள்ளைகள். 1926இல் குடும்பச் சொத்தைப் பங்கு வைத்தபோது அதை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதினார்கள். தர்மத்தையும் ஒரு பங்காளியாக உட்கார வைத்தாயிற்று! பாகம் பிரிக்கையில் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் சண்டை போட்ட குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வியப்புதான். 1951இல் வந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அந்த ஐந்தாவது பங்கின் விளைச்சல்.

அழகப்பச் செட்டியார் வழி வேறு. அவர் வட்டிக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை, மொத்தமாகக் கொடுத்துவிடுவார். கிண்டி ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து லட்சம். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். நமது சேலத்திலும் 1958இல் தியாகராசர் பாலிடெக்னிக் வந்தது மதுரைக் கருமுத்து தியாகராசச் செட்டியாரின் கொடையால். வெளியூர்க்காரர் பணத்தில் நம்மூர்ப் பையன்கள் எத்தனை பேர் பிட்டராகவும் மேஸ்திரியாகவும் ஓவர்சியராகவும் ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் காலத்துச் செய்திகளும் உண்டு. 2024இல் கிருஷ்ணா சிவுகுலா தாம் படித்த சென்னை ஐ.ஐ.டி.க்கு 228 கோடி கொடுத்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். ஜானகிராமன், சம்பந்தம் என்ற இரண்டு டாக்டர்கள் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டு ஆரம்பித்தார்கள். தமிழக அரசு பத்து கோடி ரூபாய் தந்தது. மீதிக்கு உலகம் பூராவும் தமிழர்கள் தங்களால் ஆனதை அனுப்ப, 2018இல் தொகை நிறைந்தது. 228 கோடி நம்மால் ஆகாது. ஊர் கூடித் தேர் இழுக்கிற இரண்டாவது வழி ஆகும்.

இனி எங்கள் செட்டின் தவறைச் சொல்கிறேன். பத்தாம் ஆண்டுச் சந்திப்பில் பணம் திரட்டி, லேபுக்கு ஒரு சின்ன சி.என்.சி. பயிற்சி மெஷின் வாங்கிக் கொடுத்தோம். மாலை போட்டு போட்டோ எல்லாம் எடுத்தோம். இரண்டாம் வருஷம் கன்ட்ரோல் போர்டு போனது. பராமரிப்புக்கு என்று நாங்கள் ஒரு ரூபாய் கூட வைக்கவில்லை. இன்று அது துணி போர்த்தி நிற்கிறது, எங்கள் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருக்கிறது. இன்ஜினியர்கள் இருபது பேர் கூடி இதை யோசிக்காமல் விட்டோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆடு குட்டி போடும், ரூபாய் தேயும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பு 5,000 ரூபாய் டெபாசிட் பெரிய தொகை. ஆறு சதவீதம் என்றால் இன்றும் வருஷ வட்டி 300 ரூபாய்தான். அதில் மெடல் ஏது, அட்டைச் சான்றிதழ்தான் வரும். ஆகவே வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மந்தை குறையக் கூடாது என்றால் குட்டிகளை எல்லாம் விற்றுவிடக் கூடாது. இதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

நடைமுறை விஷயங்கள் சில. நம் சங்கத்தின் வழியாகத் தருபவர்கள் "மூலதன நிதிக்கு" என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும்; இல்லாவிட்டால் அது வரவு செலவில் கரைந்துவிடும். 80ஜி கழிவு பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்குப் போனவர்கள் அதை எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பைப் பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்பினால் சட்டம் வேறு. பொருளாளரைக் கேட்காமல் அனுப்பி அவரைச் சிக்கலில் விட வேண்டாம்.

எங்கள் செட் இந்த வருஷம் மெஷின் எதுவும் வாங்கவில்லை. பாதித் தொகை அந்தப் பழைய போர்டை மாற்ற. மீதி டெபாசிட்டுக்கு, பரீட்சைக் கட்டணத்துக்காக. எனக்குப் பீஸ் கட்டிய பெரியவரின் அறக்கட்டளையோடு இதைச் சேர்க்க முடியுமா என்று ஆபீசில் கேட்டிருக்கிறோம். சேர முடிந்தால் அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. சேர விரும்பும் மற்ற செட்காரர்கள் சந்திப்பு அன்று பதிவு மேஜையில் என்னைப் பார்க்கலாம். பான் எண்ணைக் குறித்துக்கொண்டு வரவும், ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.