பனியை அள்ளாம அமுக்கின காலம்

பனி கொட்டினா அள்ளித் தள்ளணும். கனடாவிலயோ அமெரிக்காவோட வடகிழக்கு மூலையிலயோ இருக்கற நம்ம மக்களுக்கு இடுப்பு ஒடியற அளவுக்குத் தெரிஞ்ச சமாச்சாரம். ஆனா 19-ம் நூற்றாண்டுல அதே பக்கத்துக் கிராமங்கள்ல ரோட்டுப் பனியை அள்ளலை. அமுக்கினாங்க!

வெர்மான்ட் மாதிரி இடங்கள்ல அப்போ குளிர்காலம்னா குதிரை இழுக்கற சறுக்குவண்டிதான். சக்கரத்துக்குப் பதிலா கீழே ரெண்டு சறுக்குக் கட்டை. தரை தெரிஞ்சா இழுக்கறதுக்குள்ள குதிரைக்கு நாக்குத் தள்ளிரும். அதனால மரச்சட்டம் அடிச்ச ஆளுயர உருளையில நாலு, ஆறு குதிரையைப் பூட்டி பனி மேல ஓட்டுவாங்க. பனி இறுகி, வழவழன்னு பாதை ரெடி. காட்டுலேர்ந்து பெரிய மரங்களை இழுத்துட்டு வர அதுதான் நல்ல சீசன்.

இதுல கூத்து என்னன்னா, கூரை போட்ட மரப்பாலங்கள். உள்ளே பனி விழாது இல்லையா? ஆள் வெச்சு வெளியேர்ந்து பனியை அள்ளிட்டு வந்து பாலத்துக்குள்ள கொட்டினாங்க!

கார் வந்ததும் கதை மாறிடுச்சு. ஆரம்பத்துல பல பேர் குளிர்காலம் பூரா காரைக் கொட்டகையில நிறுத்தி வெச்சாங்க. 1925-ல கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார், பனியை வாரித் தூர வீசற மெஷினைச் செஞ்சார். 1927-ல மான்ட்ரியலை ஒட்டின ஊத்ரமோன் நகரம் அதை வாங்குச்சு. இப்படி ரோட்டைச் சுரண்டச் சுரண்ட, சறுக்குவண்டிக்காரன் பாடு? காருக்குத் திறந்த பாதை அவனுக்கு மூடிக்கிச்சு.

அந்தப் பழைய சூட்சுமம் இன்னும் மிச்சம் இருக்கற இடம், சரளைக்கல் போட்ட வீட்டு டிரைவ்வே. தரை உறையறதுக்கு முன்னாடி அடியோட சுரண்டினா பனியோட கல்லும் வந்துரும். ஸ்னோ ப்ளோயர்ல மாட்டின கல்லு குண்டு மாதிரி பறக்கும். ஜன்னல் கண்ணாடி தப்பிச்சாலும், வசந்தத்துல புல்தரை பூரா ஜல்லி பொறுக்கணும்.

விவரம் தெரிஞ்சவங்க முதல் பனியைத் தள்ளவே மாட்டாங்க. காரை அது மேலயே ஓட்டி இறுக விடுவாங்க. உறைஞ்சதும் அது கல்லைக் கெட்டியா பிடிச்சுக்கும். அப்புறம் மெஷினோட வாயை ஒரு அங்குலம் தூக்கி வெச்சு, மேலே விழறதை மட்டும் தள்ளினா போதும்.

குதிரை போச்சு, உருளை போச்சு. அமுக்கற வேலையை இப்ப கார் டயர் பார்க்குது, அவ்ளோதான். பக்கத்து வீட்டுக்காரர் சரளைப் பாதையில கொஞ்சம் பனியை விட்டு வெச்சிருந்தா சோம்பேறின்னு நினைச்சுடாதீங்க மக்களே :-)