ஒரு டாலர் போலீஸ்

1865 பிப்ரவரி 27. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. நாடே போர்ச் செய்தியில் மூழ்கியிருந்த நேரத்தில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சின்னச் சட்டம் அமலுக்கு வந்தது. ரயில் கம்பெனிகள் தங்கள் சொத்தைக் காக்கத் தாங்களே போலீஸ் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

சட்டத்தின் வழிமுறை மிக எளிது. கம்பெனி ஒரு பெயர்ப் பட்டியலை ஆளுநருக்கு அனுப்பும். (அங்கே ஆளுநர் என்பவர் நம் முதல்வர் மாதிரி, தேர்தலில் ஜெயித்து வருபவர்.) ஆளுநர் நியமனப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். அந்த ஆள் உறுதிமொழி எடுத்து, பத்திரத்தைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் போதும். பிலடெல்பியா நகரப் போலீஸ்காரருக்கு உள்ள எல்லா அதிகாரமும் அவருக்கும் வந்துவிடும். அவர் பிடித்து வரும் ஆளைச் சிறை அதிகாரி மறுபேச்சில்லாமல் உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் கம்பெனி கொடுக்கும். எவ்வளவு என்பது அவர்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம். ஆள் வேண்டாம் என்று தோன்றினால் கம்பெனி ஒரு அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டியது, அத்தோடு அவருடைய போலீஸ் அதிகாரமும் போய்விடும்.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதிகாரத்தைக் கொடுப்பது அரசு. அது நீடிக்குமா இல்லையா என்பது முதலாளியின் கையில். பிறகு வந்த அறுபத்தாறு ஆண்டு ரத்தக் கதையின் விதை இதில்தான் கிடக்கிறது என்பது என் கணிப்பு.

இதை நம் ஊர் செக்யூரிட்டி ஆட்களோடு சேர்த்து நினைத்துவிடக் கூடாது. இந்தியாவில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், காவலாளி போலீஸ் மாதிரி சீருடை போட்டுக்கொண்டாலே குற்றம் என்கிறது. பென்சில்வேனியாவில் நடந்தது நேர்மாறு. அங்கே காவலாளியின் சட்டையில் அரசே வில்லையைக் குத்திவிட்டது. கேடய வடிவ உலோக வில்லை. அதில் ‘ரயில்வே போலீஸ்’ என்ற எழுத்தும் கம்பெனியின் பெயரும் இருக்க வேண்டும், எல்லோர் கண்ணிலும் படும்படி குத்தியிருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. துப்பறியும் வேலையில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு.

அடுத்த ஆண்டே, 1866 ஏப்ரலில், இந்தச் சட்டத்துக்கு ஒரு துணைச் சட்டம் வந்தது. ரயில் கம்பெனிக்கு உள்ள உரிமை இனி நிலக்கரிச் சுரங்கம், இரும்பு உலை, உருக்காலை வைத்திருக்கும் கம்பெனிகளுக்கும் தனி முதலாளிகளுக்கும் உண்டு என்றது. வில்லையில் எழுத்து மாறியது: ‘நிலக்கரி இரும்புப் போலீஸ்’. ஒரு படை பிறந்தது இப்படித்தான், இன்னொரு சட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு.

ஏன் தேவைப்பட்டது? அன்றைய பென்சில்வேனியாவில் மாநிலத்துக்கென்று போலீஸ் கிடையாது. கவுண்டிக்கு ஒரு ஷெரிஃப், ஊருக்கு ஊர் கான்ஸ்டபிள். இருவருமே ஓட்டு வாங்கி வருபவர்கள். கிழக்குப் பகுதியின் ஸ்கூல்கில் கவுண்டியில் ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி பூமிக்கடியில் கொட்டிக் கிடந்தது. மேற்பார்வை வேலையில் பெரும்பாலும் ஆங்கிலேயரும் வேல்ஸ்காரரும். கூலி வேலைக்குப் பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ்காரர்கள். போருக்குக் கட்டாய ஆள் சேர்ப்பு தொடங்கியதும் பகை முற்றியது. 1863 நவம்பரில் ஆடன்ரீட் என்ற சுரங்க ஊரில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சுரங்க முதலாளியை அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். சுரங்க ஊரில் ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும் பங்கு தொழிலாளிகள். அவர்கள் ஓட்டில் வந்த கான்ஸ்டபிளை முதலாளி எப்படி நம்புவார்? பயம் பொய்யில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பயத்துக்கு மாநிலம் தன் செலவில் ஒரு படை அமைத்திருக்கலாம். அதற்கு வரிப்பணம் வேண்டும். கம்பெனியே சம்பளம் கொடுக்கிறேன் என்று வந்து நின்றபோது சட்டமன்றத்துக்கு அது லாபமான பேரமாகப் பட்டிருக்கும்.

அரசு கேட்ட கட்டணம் நியமனப் பத்திரம் ஒன்றுக்கு ஒரு டாலர். அந்த ஆள் யார், முன்பு என்ன செய்தார், அடிதடி வழக்கு உண்டா என்று யாரும் துருவவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் வரப்புப் பக்கம் கூட எட்டிப் பார்க்காத மாதிரிதான்.

இந்த அமைப்பின் முழு வீச்சையும் புரிந்துகொண்டவர் ஃபிராங்க்ளின் கோவன். 1862இல் ஸ்கூல்கில் கவுண்டியின் அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பிறகு பிலடெல்பியா - ரீடிங் ரயில் கம்பெனியின் தலைவரானார். ரயிலோடு சுரங்கங்களையும் வளைத்துப் போட்டார். ‘மாலி மகையர்’ என்ற ஐரிஷ் ரகசியக் கூட்டம் கொலைகள் செய்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1873இல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தினார். அவர்களுடைய ஆள் ஜேம்ஸ் மெக்பார்லன், ‘மெக்கென்னா’ என்ற பொய்ப் பெயரில் தொழிலாளிகளோடு குடித்துக் கூத்தடித்து உளவு பார்த்தார். பிங்கர்ட்டனின் இன்னொரு ஆளான கேப்டன் லிண்டன் நிலக்கரி இரும்புப் போலீஸில் சேர்ந்து நியமனமும் பெற்றார். கைதுகளைச் செய்தது அந்தப் படை. நீதிமன்றத்தில் எழுந்து நின்று குற்றவாளிகள் என்று வாதாடியவர்களில் கோவனே ஒருவர், ஒரு ரயில் கம்பெனியின் தலைவர்!

1877 ஜூன் 21 அன்று ஒரே நாளில் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். பாட்ஸ்வில் ஊரில் ஆறு பேர், மாக் சங்க் ஊரில் நான்கு பேர். 1879க்குள் மொத்தம் இருபது பேர். துப்பு, கைது, வாதம் எல்லாம் கம்பெனி தரப்பின் காசில் நடந்தன. நீதிபதியின் நாற்காலியும் தூக்குமரமும் அரசின் பங்கு. அவர்களில் சிலர் உண்மையிலேயே கொலைகாரர்களாக இருந்திருக்கலாம். ஆனால் இப்படிக் கிடைத்த தீர்ப்பை யார் நம்புவது? 1878இல் தூக்கில் போன ஜான் கீஹோவுக்கு 1979இல், நூறு ஆண்டு கழித்து, பென்சில்வேனியா ஆளுநர் மில்ட்டன் ஷாப் மன்னிப்பு வழங்கினார்.

தொழிலாளிகள் நிலக்கரி இரும்புப் போலீஸுக்கு வைத்த பெயர்கள் ‘கோசாக்’, ‘மஞ்சள் நாய்’. ரஷ்யப் பேரரசரின் குதிரைப்படைக்குப் பயந்து ஓடிவந்த கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளிகளுக்குக் கோசாக் என்ற சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. சுரங்க ஊர் என்றால் அங்கே வீடு கம்பெனியுடையது, மளிகைக் கடை கம்பெனியுடையது, பாதையும் கம்பெனியுடையது. வேலைநிறுத்தம் என்று உட்கார்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சட்டி பானையைத் தெருவில் தூக்கி வைக்க வருபவரும் அந்த வில்லை குத்திய ஆள்தான். தடுத்தால் போலீஸைத் தடுத்த குற்றம்.

1892 ஜூலை 6 அன்று ஹோம்ஸ்டெட் உருக்காலை வேலைநிறுத்தத்தை முறிக்க கார்னகி கம்பெனி சுமார் 300 பிங்கர்ட்டன் ஆட்களைப் படகில் இறக்கப் பார்த்தது. துப்பாக்கிச் சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. நாடு கொதித்தது, அடுத்த ஆண்டே, மத்திய அரசு பிங்கர்ட்டன் ஆட்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. நிலக்கரி இரும்புப் போலீஸை அந்தக் கோபம் தொடவே இல்லை. பிங்கர்ட்டன் வெளியிலிருந்து வந்த கூலிப்படை. இவர்களோ ஆளுநரின் கையெழுத்து உள்ளவர்கள்.

ஆட்டம் கண்டது 1902இல். சுமார் 1,47,000 ஆந்த்ரசைட் தொழிலாளிகள் மே முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். குளிர்காலம் நெருங்க, வீடுகளுக்குக் கரி இல்லை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டு ஒரு கமிஷன் அமைத்தார். 1903இல் வந்த அதன் அறிக்கை, நிலக்கரி இரும்புப் போலீஸ் முறையைக் கைவிடச் சொன்னது. அமைதி காப்பவர் ஒரு தரப்பின் சம்பளக்காரராக இருந்தால் அவரைக் கண்டதுமே மறு தரப்புக்கு ஆத்திரம் வரும் என்பதைக் கமிஷன் கண்டுகொண்டது.

ஆளுநர் சாமுவேல் பென்னிபேக்கர் 1905 மே 2 அன்று மாநிலப் போலீஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார். 228 பேர், நான்கு குதிரைப் பிரிவுகள். முதல் தலைவர் ஜான் க்ரூம், மாதிரி தேடி அயர்லாந்துக்குப் போய் அங்கிருந்த ராயல் ஐரிஷ் கான்ஸ்டாபுலரியைப் பார்த்து வந்தார். அயர்லாந்தில் குடியானவரை வீட்டைவிட்டு வெளியேற்றும்போது காவல் நின்ற அதே படை! கடல் தாண்டி வந்த ஐரிஷ் குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? ‘கோசாக்’ என்ற வசவு புதுப் படைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் இதற்குச் சம்பளம் மாநிலக் கஜானாவிலிருந்து வந்தது, பதில் சொல்ல வேண்டியதும் மாநிலத்துக்கு. அந்த வித்தியாசம் சின்னதல்ல.

வேடிக்கை என்னவென்றால், மாநிலப் போலீஸ் வந்த பிறகும் கம்பெனிப் போலீஸ் போகவில்லை. இரண்டும் இன்னும் கால் நூற்றாண்டு கூடவே நடந்தன. 1929 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அருகே ஜான் பார்கோஸ்கி என்ற சுரங்கத் தொழிலாளியைக் கம்பெனிப் போலீஸ்காரர்கள் அடித்தே கொன்றார்கள். சட்டமன்ற உறுப்பினர் மைக்கேல் மஸ்மானோ இந்தப் போலீஸுக்குக் கடிவாளம் போட ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆளுநர் ஜான் ஃபிஷர் அதை நிராகரித்துவிட்டு, அதைவிட மென்மையான இன்னொன்றில் கையெழுத்திட்டார். மஸ்மானோ பதவியைத் துறந்தார். அந்தக் கொலையை வைத்து அவர் எழுதிய கதை 1935இல் ‘பிளாக் ஃப்யூரி’ என்ற படமானது; பால் மூனி நடித்தார். அதே மஸ்மானோ பிற்பாடு நூரம்பர்க்கில் நாஜிக் கொலைப்படையினரை விசாரித்த நீதிபதி.

முடிவு கட்டியவர் அடுத்து வந்த ஆளுநர் கிஃபர்ட் பின்ஷோ. 1931இல் நியமனங்களை ரத்து செய்தார், புதிதாகக் கையெழுத்திட மறுத்தார். சட்டத்தை மாற்றக்கூடத் தேவைப்படவில்லை. நியமனம் செய்வதா வேண்டாமா என்ற உரிமை 1865இலிருந்தே ஆளுநரிடம்தான் இருந்தது. அத்தனை ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தும் மனம்தான் இல்லை. 1935இல் ஆளுநர் ஜார்ஜ் எர்ல் காலத்தில் சட்டப்படியும் கதை முடிந்தது.

தனியார் போலீஸ் என்ற எண்ணம் மட்டும் அங்கே ஒழியவில்லை. இன்றைய பென்சில்வேனியாவில் பொதுமக்கள் வந்துபோகும் இடம் வைத்திருக்கும் லாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்று போலீஸ் வேண்டும் என்றால், கவுண்டி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ஆயுதம் ஏந்தும் தனியார் காவலாளி, 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சி முடித்துச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றைத் தருவது 1905இல் பிறந்த அதே மாநிலப் போலீஸ். ரயில் கம்பெனிப் போலீஸுக்கு மட்டும் இன்றும் ஆளுநர்தான் நியமனம் தருகிறார்.